ஹக்கலைச் சோலையும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும்

எங்கள் வளவிலே, கிணற்றடிக்கும் மாதுளை மரத்துக்கும் நடுவே, ஒரு பாய் விரிக்கத்தக்க அளவான நிலத்துண்டொன்று நெடுங்காலமாக வெறுமையாகவே கிடந்தது. வேலியோரத்தில் இடமின்றி வாழைக்குட்டிகள் நெருக்கியடித்து நின்ற காலத்திலும் அந்தத் துண்டில் எவரும் எதனையும் நடவில்லை. அதற்கொரு காரணம் உண்டு.

என் தந்தையார் மலைநாட்டிலே தபாற் பகுதியில் பல ஆண்டுகள் கடமையாற்றியவர். 1979 ஆம் ஆண்டில் இளைப்பாறி ஊர் திரும்பியபோது, பெட்டி படுக்கைகளைப் புகைவண்டியின் சாமான் பெட்டியிலே போட்டுவிட்டு, மூன்று பூங்கன்றுகளை மாத்திரம் தம் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒன்று கமேலியா, மற்றொன்று அசேலியா, மூன்றாவது, நீலப் பந்து போலக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா. அவற்றைக் கிணற்றடியிலே நட்டவர் தந்தையார். காலையும் மாலையும் தண்ணீர் வார்த்தவர் என் தாயார். கமேலியா இரண்டு மாதத்தில் கருகிற்று. அசேலியாவின் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன. ஹைட்ரேஞ்சியா சில காலம் உயிரோடிருந்து ஒரேயொரு கொத்துப் பூத்தது. அதுவும் நீலமாக அல்ல, வெளிறிய இளஞ்சிவப்பாக. பின்னர் அதுவும் போயிற்று.

“உம்மடை கை மலைப் பூவுக்கு ராசியில்லை” என்று தந்தையார் ஒருநாள் சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரோ, மனக்கசப்பினாற் சொன்னாரோ, எட்டு வயதுச் சிறுவனாகிய எனக்குத் தெரியவில்லை. அதன்பின் அம்மா அந்த இடத்தில் ஒரு செவ்வந்தியைக் கூட நடவில்லை.

2023 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில், உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஹக்கலைப் பூங்காவுக்குச் சென்றபோதுதான் அந்த மூன்று கன்றுகளும் ஏன் மாண்டன என்பது எனக்கு விளங்கிற்று.

நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஐயாயிரத்து ஐந்நூறு அடி அளவான உயரத்தில், இப்பூங்கா அமைந்திருக்கிறது. வழி நெடுகிலும் மலைச்சரிவைப் படிக்கட்டாக வெட்டிக் கோவாவும் கரற்றும் லீக்சும் பயிரிட்டிருக்கிறார்கள். பூங்காவை அணுகுவதற்குச் சற்று முன்பாகச் சாலையோரத்திலே சீதை அம்மன் கோயில். இராவணன் சீதாபிராட்டியைச் சிறைவைத்த அசோகவனம் இதுவே என்பது மக்கள் நம்பிக்கை. அவ்விடத்து மண் கருநிறமாக இருப்பதற்கு அனுமன் வைத்த தீயே காரணம் என்று கூறுவோரும் உளர். கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஓடைக்கரை மண்ணை விரலால் எடுத்துப் பார்த்தேன். கறுப்புத்தான், ஈரமும் மென்மையுமாக, தேயிலைச் சாயம் இறங்கியது போன்ற கறுப்பு. குளிரும் ஈரமும் மிக்க இடங்களில் விழுந்த இலை எளிதில் உக்கி முடிவதில்லை. ஆண்டுக்காண்டு மேலே படிந்து, மேல்மண் முழுவதையும் கறுப்பாக்கி விடுகிறது. புராணம் சொல்லும் காரணத்தை மறுக்க நான் வரவில்லை; இந்தக் கறுப்பு மண் இக்கட்டுரைக்கு வேண்டியது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹக்கலை என்ற பெயருக்கும் இராமாயணக் கதையே சொல்லப்படுகிறது. சிங்களத்தில் ‘ஹக்க’ என்பது தாடை, ‘கல’ என்பது பாறை. மூலிகை தேடிச் சென்ற அனுமன் மலையையே பெயர்த்து வந்தபோது, அவன் வாயிலிருந்து விழுந்த துண்டு இந்தச் செங்குத்தான மலை என்பர். பூங்காவின் பின்புறத்தில் அம்மலை சுவர் போல எழுந்து நிற்க, முன்புறத்திலே ஊவாப் பள்ளத்தாக்கு நீல மயமாகச் சரிந்து செல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு விளிம்பிலேதான் தோட்டம்.

தோட்டம் அழகுக்காகத் தோன்றியதன்று. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைனைத் தரும் சிங்கோனா மரத்தைத் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளிலிருந்து கொண்டுவந்து பயிரிட்டுப் பார்ப்பதற்காக, பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பவரின் பொறுப்பில், 1861 இல் இவ்விடம் தொடக்கப்பட்டது. அந்தீசின் மழைக்காட்டு மண்ணைப் போன்ற மண் இங்கே கிடைத்தது. கோப்பிச் செடியை நோய் அழித்துக்கொண்டிருந்த காலத்தில் சிங்கோனா பலருக்குக் கைகொடுத்தது. பின்னர் விலை வீழ்ந்தது. மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. சோதனைத் தோட்டம் மெல்ல மெல்லப் பூங்காவாயிற்று.

வாயிலைக் கடந்ததும் கண்ணிற்படுவன ரோசாப் பாத்திகளும் வெட்டிவிட்ட புற்றரைகளுமே. சித்திரை மாதச் சனக்கூட்டம் முழுவதும் அங்கேதான் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்வதானால், எனக்கு அந்தப் பகுதி அத்துணை இனிக்கவில்லை. பாத்தி கட்டி வரிசையாய் நட்ட பூவை எங்கும் காணலாம். நாங்கள் மேற்புறமாக, மலையடிவாரத்தை நோக்கி வளைந்து சென்ற ஒரு நடைபாதையைப் பிடித்துக்கொண்டோம். நூறு அடி நடந்திருப்போம். வெயில் மறைந்தது, ஆரவாரம் அடங்கியது, காலடியில் மண் மெத்தென்று அமிழ்ந்தது. தோட்டம் எங்கே முடிந்து காடு எங்கே தொடங்கியது என்று சொல்ல இயலவில்லை. மலைமேல் அடர்ந்திருப்பது 1938 ஆம் ஆண்டு முதல் மனிதர் தொடாது காக்கப்பட்டு வரும் இயற்கை ஒதுக்கு வனம். அங்கிருந்து கரடிக்குரங்கு எனப்படும் கரிய மந்திகளின் உறுமல் இடையிடையே கேட்டது.

அந்த நிழலில்தான் என் தந்தையாரின் மூன்று பூக்களையும் கண்டேன். உயர்ந்த மரங்களின் கீழே ஆளுயரமான கமேலியா. அதன் முன்னே, இடுப்பளவில் அசேலியாப் புதர்கள். ஈரம் கசியும் ஓரத்திலே, எங்கள் வளவில் ஒருபோதும் காட்டாத கடும் நீலத்தில் ஹைட்ரேஞ்சியா. ஓடைப் பக்கமாக மரப்பன்னங்கள் குடை விரித்து நின்றன. எவரோ வைத்ததாகவே தோன்றவில்லை. தாமாக முளைத்தவை போல நின்றன.

சருகை வாரிக்கொண்டிருந்த முதிய தோட்டத் தொழிலாளி ஒருவரிடம், “இந்தச் செடிக்கு என்ன உரம் போடுவீர்கள், பெரியவர்?” என்று வினவினேன். அவர் சிரித்தார். பாதையிலே கிடந்த சருகைத்தான் அவர் வாரினார்; வாரியதை வெளியே கொண்டுபோகாமல் புதரடியிலேயே கொட்டினார்.

“இதுதான் சார் ஒரம். மேல இருக்க மரம் போடுது, கீழ இருக்க செடி திங்குது. இதுக்கு வேரு ஆழமா போகாது, மேலாகவே கெடக்கும். மம்பட்டிய போட்டு கொத்தினா செத்துப் போகும்” என்றார். சற்று நின்று, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். “அங்க வராதுங்க. தண்ணி ஒத்துக்காது” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மண் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருந்தால் நான் வியந்திருக்க மாட்டேன். தண்ணீர் என்றல்லவா சொன்னார்! அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்த ஒரு வாங்கில் அமர்ந்து, மகளின் இரசாயன அறிவையும் சேர்த்துக்கொண்டு, விடயத்தை அலசத் தொடங்கினோம்.

மலைநாட்டின் பாறை மிகப் பழையது, கடினமானது, சுண்ணாம்பு அதில் அரிது. அதன்மேல் ஆண்டு முழுவதும், தென்மேற்குப் பருவத்திலும் வடகீழ்ப் பருவத்திலும், மழை பெய்து பெய்து கல்சியம் போன்ற கார உப்புகளைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. எஞ்சியிருப்பது அமில மண். யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கற் பாறையின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்று நீர் அந்தப் பாறையின் இடுக்குகளிலே ஊறி வருவது; கேத்திலில் வெண்படலமாகப் படிவது அந்தச் சுண்ணாம்பே. மண்ணின் அமில காரத்தை அளக்கும் பீ.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. தேயிலைக்கு உகந்த மண் 5 ஐ ஒட்டியது. குடாநாட்டு மண் பல இடங்களில் 8 ஐ ஒட்டியது. மூன்று படிதானே வித்தியாசம் என்று எண்ணலாகாது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆகவே மூன்று படி ஆயிரம் மடங்கு!

இதனாற் செடிக்கு என்ன? இரும்புச் சத்து மண்ணிலே எவ்வளவு இருந்தாலும், சுண்ணாம்பு மிகுந்தவிடத்து அது கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச இயலாது. இரும்பின்றேல் இலையில் பச்சையம் உண்டாகாது. அசேலியாவின் தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மஞ்சளித்ததன் பொருள் அதுவே. செம்மண்ணில் இரும்பு நிறைந்திருக்க, அச்செடி இரும்பில்லாமற் செத்தது. அசேலியாவும் அதன் இனத்தனவும் மயிரிழை போன்ற வேர்களை உடையவை. அவ்வேர்களுக்குள்ளே ஒருவகைப் பங்கசு குடியிருந்து, உக்கிய இலையிலிருந்து உணவை எடுத்துக் கொடுக்கிறது. அமில மண்ணில் அந்த உறவு நன்கு நடைபெறும். ஹைட்ரேஞ்சியாவின் கதை இன்னும் வியப்பானது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து பூவை அடையும். அடைந்தால் பூ நீலம். சுண்ணாம்பு மண்ணில் அது கரையாது, பூ இளஞ்சிவப்பு. சாயம் ஒன்றே, மண் வேறு. எங்கள் வீட்டில் பூத்த அந்த ஒரேயொரு கொத்து, எங்கள் மண்ணின் செய்தியைத் தன் முகத்திலே எழுதிக் காட்டியிருக்கிறது, நாங்கள் வாசிக்கவில்லை.

“அப்போ தேயிலையும் இதே சாதியா, அப்பா?” என்று மகள் கேட்டாள். சாதி மட்டுமன்று, கமேலியாவுக்கு உடன்பிறப்பே. தாவரவியலார் தேயிலைக்கு இட்ட பெயரும் கமேலியா என்றே தொடங்குகிறது. மலைநாட்டைப் பச்சைக் கம்பளமாக மூடியிருப்பது ஓர் அமில மண் செடியே என்பதை நாம் நாள்தோறும் அருந்தியும் நினைப்பதில்லை.

இத்தகைய சோலைத் தோட்டம் என்னும் கலை, ஐரோப்பியர் இமயமலைச் செடிகளைக் கண்டபின் வளர்ந்தது. ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலார் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளிலே அலைந்து, பலவகை ரொடொடென்ட்ரன் விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றைப் பாத்தியில் நட்டால் பொருந்தவில்லை. மரநிழலும் இலைமண்ணும் கேட்டன. 1870 இல் வில்லியம் றொபின்சன் என்பவர், செடிகளைக் காட்டிலே வளர்வதுபோல் வளரவிட வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். அமில மண் வாய்த்த சீமான்கள் தத்தம் தோப்புகளைத் திருத்திப் புகழ் பெற்றார்கள். தென் இங்கிலாந்தில் வெண்சுண்ண மண்ணிலே வீடு கட்டியவர்களோ, எத்தனை பொன் செலவிட்டும் என் தாயாரைப் போலவே தோற்றார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அந்த ரொடொடென்ட்ரன் குடும்பத்தின் ஒரு கிளை நம் இலங்கைக்கே உரியது. சிங்களத்தில் ‘மஹ ரத்மல்’, அதாவது பெரிய செம்பூ என்பர். ஹோட்டன் சமவெளியின் புல்வெளியிலே முறுக்கேறிய அடிமரத்துடனும், அடிப்புறம் செம்பழுப்பான தடித்த இலைகளுடனும் நின்று குருதிச் சிவப்பாகப் பூக்கும். இதன் உறவினம் ஒன்று நீலகிரியில் உண்டு. அதற்கப்பால் நெடுந்தூரம் கடந்து இமயத்தில்தான் மீண்டும் காணலாம். நேபாள நாட்டின் தேசிய மலர் அவ்வினமே. இடைப்பட்ட வெப்பச் சமவெளிகளை எப்படித் தாண்டியது என்று மகள் கேட்டாள். முன்னொரு குளிர் ஊழியில் இவை தாழ்ந்த நிலங்களிலும் பரவியிருந்து, வெப்பம் மிகவே மலையுச்சிகளில் ஒதுங்கின என்பது அறிஞர் கருத்து.

மலைநாட்டில் வளவுள்ள வாசகர்கள் இத்தகைய சோலையை அமைக்க விரும்பினால், ஹக்கலையின் அந்த மேற்பாதையே நல்ல ஆசான். முதலில் மரம். நிழல் வேண்டும், இருள் வேண்டாம். கீழ்க்கிளைகளைக் களைந்துவிட்டால் வெயில் சல்லடையிட்டது போலப் புள்ளி புள்ளியாக இறங்கும். வேரை மேலாகப் பரப்பி நீரை முழுதும் குடித்துவிடும் யூக்கலிப்டஸ் போன்ற மரத்தின் கீழே எதனையும் நட்டு ஏமாறக் கூடாது. மரம் இன்னொரு உதவியும் செய்கிறது. நுவரெலியாப் பக்கத்தில் தை, மாசி மாதங்களில் விடியற்புறம் உறைபனி விழுவதுண்டு. திறந்த வெளியில் மொட்டுக் கருகும். மேலே இலைக்கூரை இருந்தால் நிலத்தின் சூடு இரவில் வானுக்கு ஓடாமல் தங்கும்.

அதன்கீழ் கமேலியாவும் ரொடொடென்ட்ரனும். ஒவ்வொன்றாகத் தூவி நடாமல், ஒரே இனத்தில் மூன்று, ஐந்து என்று கும்பலாக, முன்பின்னாக நட்டால் காட்டின் தோற்றம் வரும். குழியை ஆழமாக வெட்டுதல் பெரும் பிழை. கன்று முன்பு நின்ற மட்டத்திலேயே, வேண்டுமானால் ஒரு விரற்கடை மேலே, வைக்க வேண்டும். அதன் கீழ் அசேலியா. அதன் கீழ் பன்னமும் பாசியும். வெள்ளைப் பூவை இருண்ட மூலையில் வைத்தல் நன்று. தூரத்திலிருந்தே விளக்குப்போல் அழைக்கும். பாதையை மலையின் சாய்வு எப்படிப் போகச் சொல்கிறதோ அப்படியே விட வேண்டும். கயிறு பிடித்து நேராக வெட்டுதல் ஆகாது. சருகைத் தீயிடுவது இக்கலைக்கு முதற் பகை. ஆடு வளர்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: அசேலியா, ரொடொடென்ட்ரன் இலைகள் கால்நடைக்கு நஞ்சு.

யாழ்ப்பாணத்தில் இது கைகூடுமா? இவ்வகையிற் கூடாது. மண்ணில் கந்தகமிட்டு அமிலமாக்கலாம் என்று புத்தகங்கள் கூறும்; அடியில் சுண்ணாம்புப் பாறையே கிடக்கும்போது அந்தப் போர் முடிவதில்லை. வெப்பமும் மற்றொரு தடை. ஆனால் மரம், புதர், நிலப்பூண்டு என்னும் அடுக்கும், சருகை மண்ணுக்கே கொடுக்கும் வழக்கமும் எந்த மண்ணுக்கும் பொருந்தும். குழை தாழ்த்துக் கமம் செய்த நம் முன்னோர்க்கு அதை ஹக்கலை வந்து கற்பிக்க வேண்டியதுமில்லை.

திரும்பும் வழியிலே, சாலையோர நாற்றுக் கடையொன்றில், மொட்டுவிட்ட ஹைட்ரேஞ்சியாக் கன்றொன்றைப் பொலித்தீன் பையோடு வாங்கினோம். வேண்டாம் என்று மனைவி தடுத்தாள். நானும் அறிவேன், ஆயினும் வாங்கினேன்.

வீடு சேர்ந்த அன்று மாலை, மகள் வினாகிரிப் போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றாள். வெறுமையாய்க் கிடந்த அந்தத் துண்டின் மண்ணில் ஒரு கரண்டி ஊற்றினாள். கற்றுணுக்கைகள் சீறி நுரைத்தன. மலைக்கன்றின் பையிலிருந்து சிறிது மண்ணைத் தட்டிலிட்டு ஊற்றினாள். ஒரு குமிழும் எழவில்லை. எண்பத்தாறு வயதான என் தாயார் வாசற்படியில் அமர்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கத்தைக் கேட்டு முடித்தபின் வெகுநேரம் பேசவில்லை.

“அப்ப நான் வாத்த தண்ணியோ அதுகளைச் சாக்காட்டினது?” என்றார்.

இதற்கென்ன விடை சொல்வது? பயணம் முழுவதும் இக்கேள்விக்கு அஞ்சிக்கொண்டே வந்தேன். நாளுக்கிருமுறை தவறாது வார்த்த நீர், நாளுக்கிருமுறை வார்த்த சுண்ணாம்பாகவும் இருந்தது என்பது உண்மை. கவனியாது விட்டிருந்தாலும் அவை பிழைத்திரா என்பதும் உண்மையே. இரண்டையும் சொன்னேன்.

“கை ராசி இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் போனார் மனுசன்” என்று மட்டும் சொல்லி அம்மா எழுந்து உள்ளே போனார்.

கன்றை மலைமண்ணோடு பெரிய சாடியொன்றில் வைத்து, மாதுளை நிழலில், அந்த வெறுந்துண்டின் மேலேயே இருத்தினோம். சீமெந்துத் தொட்டி நீரும் ஆகாது, சீமெந்திலும் சுண்ணாம்புண்டு என்று மகள் சொன்னதால், பிளாஸ்ரிக் பீப்பாவொன்று தாழ்வாரத்தின் கீழ் வந்தது. இரண்டு நாளில் ஒரு கோடை மழை கொட்டிப் பீப்பாவில் அரைவாசி நிறைந்தது. மறுநாட் காலையில் துலாவோசை கேளாமையால் வெளியே வந்து பார்த்தேன். அம்மா பீப்பாவருகே குனிந்து செம்பில் மழைநீரை மொண்டுகொண்டிருந்தார். சாடியிலே மொட்டு விரிந்து பூ நீலமாக நின்றது. கிணற்று வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பக்கமாகச் சென்ற என்னைக் கண்டதும், “அதைக் கொண்டு இதடியிலை வராதை” என்றார்.